ரபாலை விடுங்கள், முதலில் டேங்கர்களை நகர்த்துங்கள்

கேள்வி: நானும் என் தம்பியும் ‘வார் இன் தி பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்’ என்ற இரண்டாம் உலகப் போர்க் கணினி ஆட்டத்தை ஆடுகிறோம். டர்ன் ஃபைலை மின்னஞ்சலில் மாற்றிக்கொள்வோம். அவன் ஜப்பான், நான் நேச நாடுகள். ஆட்டத்தில் இப்போது 1942 பிப்ரவரி கடைசி வாரம். சிங்கப்பூர் விழுந்தாயிற்று, ஜாவா இன்னும் சில நாள்தான். வேக் தீவைக் காப்பாற்றப் போய் என்டர்பிரைஸ் என்ற கேரியரை (விமானந்தாங்கிக் கப்பல்) இழந்துவிட்டேன். மிச்சமிருக்கும் மூன்று கேரியர்களையும் சேர்த்து ஜப்பானின் தளமான ரபால் மேல் ஒரு அடி போடலாமா? ஆஸ்திரேலியாவில் எரிபொருள் கரைந்துகொண்டே வருகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் கப்பல்கள் சும்மா குவிந்து கிடக்கின்றன. திருப்பி அடிக்க எப்போது தொடங்குவது? ஒரு டர்ன் போட எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: ரபால் வேண்டாம். உங்களுக்கு வந்த அதே ஆசை, ஆட்டத்தில் நீங்கள் நிற்கும் இதே வாரத்தில், அமெரிக்கக் கடற்படைக்கும் வந்தது. 1942 பிப்ரவரி 20 அன்று வைஸ் அட்மிரல் வில்சன் பிரவுன் லெக்சிங்டன் கேரியரோடு ரபாலை நெருங்கினார். ஜப்பானியரின் பறக்கும் படகுகள் முன்கூட்டியே பார்த்துவிட்டன. ரபாலிலிருந்து 17 குண்டுவீச்சு விமானங்கள் இரண்டு அலையாக வந்தன. லெக்சிங்டனின் சண்டை விமானங்கள் அவற்றில் பெரும்பாலானவற்றைச் சுட்டு வீழ்த்தின, கப்பலுக்கு ஒரு கீறல் இல்லை. அப்படியிருந்தும் பிரவுன் தாக்குதலைக் கைவிட்டுத் திரும்பினார். எதிரி தன்னைப் பார்த்த பிறகு கேரியரைத் தரைத்தளத்தின் வாயில் கொண்டுபோய் வைக்க அவருக்கு மனமில்லை.

மூன்று வாரம் கழித்து அவரே செய்த காரியம்தான் உங்களுக்குப் பாடம். மார்ச் 8-ல் ஜப்பானியர் நியூகினியின் வடகரையில் லே, சலமாவா இரண்டிலும் இறங்கினார்கள். 10-ஆம் தேதி லெக்சிங்டனும் யார்க்டவுனும் தீவின் தென்பக்கம் பப்புவா வளைகுடாவில் நின்றுகொண்டு, ஓவன் ஸ்டான்லி மலையைத் தாண்டி 104 விமானங்களை அனுப்பின. சரக்கு இறக்கிக்கொண்டிருந்த கப்பல்களுக்குக் காவலாக மேலே விமானமே இல்லை. மூன்று கப்பல் மூழ்கியது, பல சேதமாயின. அமெரிக்கருக்கு நஷ்டம் ஒரே விமானம். அடித்த கையோடு கிளம்பிவிட்டார்கள்.

தம்பி எங்கே புதிதாக இறங்குகிறான், அங்கே அவனுக்கு இன்னும் விமானத்தளம் தயாராகவில்லையா, உங்களுக்கும் கரைக்கும் நடுவே மலையோ தூரமோ இருக்கிறதா? அப்படி ஓர் இடம் அமைந்தால் ஒரே ஒரு நாள் அடியுங்கள். மறுநாளும் அங்கே நின்றால் வாங்கிக்கட்டிக்கொள்வீர்கள்.

இதில் ஒரு பழைய தழும்பு எனக்கு உண்டு. சில வருஷம் முன்பு யார்க்டவுனையும் லெக்சிங்டனையும் ஒரே டாஸ்க் ஃபோர்ஸில் (சேர்ந்து இயங்கும் கப்பல் கூட்டம்) போட்டு, நூமியாவுக்கு வடக்கே பத்திரமாக நிறுத்தினேன். மறுநாள் ரீப்ளேயைத் திறந்தால், நான் சொல்லாமலே அவை வடக்கே நகர்ந்து ஜப்பானின் முதன்மைக் கேரியர் படையின் மடியில் போய் உட்கார்ந்திருந்தன. தப்பு என்னுடையதுதான். டாஸ்க் ஃபோர்ஸ் திரையில் ‘ரியாக்ஷன்’ தூரம் 6 என்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. எதிரிக் கேரியர் வாசனை பட்டால் அத்தனை ஹெக்ஸ் (வரைபடத்தின் அறுகோணக் கட்டம்) வரை தானாகப் பாய்ந்து போகச் சொல்லும் அமைப்பு அது. ஒரு ஹெக்ஸ் 40 கடல்மைல், கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். இன்றே அதை 0 ஆக்குங்கள். ஜப்பானியக் கேரியர் விமானங்களுக்கு உங்களுடையவற்றைவிட எட்டும் தூரம் அதிகம். ஆகவே அவனிடம் தானாக ஓடுவது ஒருநாளும் உங்களுக்கு லாபமில்லை.

எனது இன்னொரு தப்பு, இரண்டு கேரியரையும் ஒரே டாஸ்க் ஃபோர்ஸில் அடைத்தது. 1942-ல் நேச நாட்டு டாஸ்க் ஃபோர்ஸ் ஒன்றில் விமான எண்ணிக்கை 100-ஐத் தாண்டியதும், தாக்கும் அலை சிதறிப்போகும் அபாயம் ஏற ஆரம்பிக்கும். சண்டை விமானம் ஒரு பக்கம், டைவ் பாம்பர் ஒரு பக்கம், டார்பிடோ விமானம் அரை மணி கழித்துத் தனியாக என்று போய்ச் சாகும். ஜப்பானுக்கு இந்த வரம்பு 200-லிருந்துதான். அதனால் ஒரு டாஸ்க் ஃபோர்ஸுக்கு ஒரு கேரியர், மூன்றும் ஒரே ஹெக்ஸில். 1943 வந்தால் வரம்பு தளரும், 1944-ல் இன்னும் தளரும், அப்போது சேர்த்துக்கொள்ளலாம். அன்றைய அமெரிக்கக் கடற்படையின் வழக்கமும் ஏறக்குறைய இதுவே.

அடுத்து, தம்பியின் ஆறு பெரிய கேரியர்களும் இப்போது எங்கே என்று ஒவ்வொரு டர்னிலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிஜத்தில் ஐந்து பெரிய கேரியர்களோடு ஜப்பானிய அட்மிரல் நகுமோ ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தார். ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலவிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினா விமானம் அந்தப் படையைக் கண்டது. அதை ஓட்டியவர் கனடாக்காரரான ஸ்குவாட்ரன் லீடர் லியோனார்ட் பர்ச்சால். சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் அவர் அனுப்பிய செய்தியால் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவை வெளியேற்றப்பட்டன. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு மேல் குண்டு விழுந்தது. டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரு குரூசர்கள் நடுக்கடலில் போயின. 9-ஆம் தேதி திருகோணமலை, அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் கேரியர். (காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்து, மெட்ராஸ்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடியது இதே வாரத்தில்தான்.) ஐந்து பழைய போர்க்கப்பலையும் மூன்று கேரியரையும் வைத்திருந்த பிரிட்டிஷ் அட்மிரல் சாமர்வில் ஹெர்மீஸையும் அந்த இரு குரூசர்களையும் இழந்தார், ஆனால் போர்க்கப்பல் எதையும் மற்ற இரு கேரியர்களையும் இழக்கவில்லை. மெதுவான போர்க்கப்பல்களைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். கோழைத்தனம் என்று அன்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அவர் செய்தது சரி என்றுதான் படுகிறது.

ஆகவே கொழும்பு, திருகோணமலை, மாலத்தீவின் அட்டு அட்டோல் மூன்றிலும் தேடல் விமானங்களை வையுங்கள். தேடும் திசைக்கோணத்தைக் கிழக்கும் தென்கிழக்குமாக அமைத்துவிடுங்கள். ஒரு டர்னில் அந்த ஆறு கேரியர்களும் இலங்கைப் பக்கம் தெரிந்தால், அவை பசிபிக்குக்குத் திரும்ப இரண்டு வாரமாவது ஆகும். அந்த இரண்டு வாரம்தான் உங்கள் மூன்று கேரியர்களும் வெளியே வரும் நேரம்.

இனி எரிபொருள். எனக்கு ரபாலைவிட இதுதான் பெரிய கவலை. ஆஸ்திரேலியாவில் எரிபொருள் உற்பத்தி அற்பம், அங்குள்ள கனரகத் தொழிற்சாலைகளோ அதையும் குடிக்கும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சிட்னி ஏறக்குறைய 6,500 கடல்மைல். மணிக்கு 12 கடல்மைல் வேகத்தில் போனால் 23 நாள். போக, வர, ஏற்ற, இறக்க எல்லாம் சேர்த்து இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். 12,000 டன் கொள்ளும் டேங்கர் எட்டைச் சேர்த்தால் ஒரு நடைக்கு 96,000 டன். இப்படி நான்கு கான்வாயை (கப்பல் அணி) இரண்டு வார இடைவெளியில் கிளப்பிவிட்டால், ஏப்ரலிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை சிட்னியில் ஒன்று வந்து நிற்கும். முதல் கான்வாய் இன்று கிளம்பவில்லையென்றால் மே மாதம் உங்கள் டெஸ்ட்ராயர்கள் துறைமுகத்தில் சும்மா கிடக்கும்.

பாதையைப் படத்தில் நேர்க்கோடாக விடாதீர்கள். தஹிதிக்குத் தெற்கே இறக்கி, நியூசிலாந்தைச் சுற்றி வரச்செய்யுங்கள். நாலைந்து நாள் கூடும், நீர்மூழ்கித் தொல்லை குறையும். மேற்குப் பக்கத்தில் கேப் டவுனும் ஈரானின் அபதானும் இருக்கின்றன. வரைபடத்துக்கு வெளியே உள்ள அந்தத் தளங்களுக்குள் ஓடும் கப்பலை யாராலும் தொட முடியாது. கேப் டவுனிலிருந்து பெர்த்துக்கு ஒரு கான்வாய் ஓட்டினால் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாதி தனியாகப் பிழைத்துக்கொள்ளும்.

நடுவழியில் பெட்ரோல் பங்க் வேண்டும். 1942 பிப்ரவரி 17 அன்று அமெரிக்கர்கள் போரா போராவில் இறங்கி எரிபொருள் கிடங்கு கட்ட ஆரம்பித்தது இதற்காகத்தான். அந்தத் திட்டத்துக்குப் பெயர் பாப்கேட். நீங்களும் பாகோ பாகோ, சுவா, நூமியா என்ற தென் பசிபிக் துறைமுகங்களின் வரிசையில் பொறியாளர் பிரிவு, பேஸ் ஃபோர்ஸ் (தளத்தை நடத்தும் படை), கரைப் பீரங்கி ஆகியவற்றைக் கொண்டுபோய்ச் சேருங்கள். மேற்குக் கரையில் குவிந்து கிடக்கிறது என்றீர்களே, அந்தக் கப்பல்களுக்கு இதுதான் வேலை. அங்குள்ள தரைப்படைகளில் பாதி அந்த இடத்தோடு கட்டுண்டவை, அவற்றை விடுவிக்க அரசியல் புள்ளி வேண்டும். நாளொன்றுக்கு 50 புள்ளிதான் வரும். ஒரு முழு டிவிஷனை வாங்கப் பல வாரச் சேமிப்பு போய்விடும். அதனால் முதலில் சின்னச் சின்ன பேஸ் ஃபோர்ஸ்களையும் விமானப் பிரிவுகளையும் வாங்குங்கள். பிடிக்காத தளபதியை மாற்றுவதற்குப் புள்ளியைக் கொட்டுவது ஆடம்பரம்.

நீர்மூழ்கிகளைப் பற்றி ஒன்று. அமெரிக்க மார்க் 14 டார்பிடோ ஆட்டத்திலும் நிஜத்தில் இருந்ததுபோலவே பெரும்பாலும் வெடிக்காது. 1942 ஜூனில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே அமெரிக்க நீர்மூழ்கித் தளபதி லாக்வுட் ஒரு மீன் வலையைக் கடலில் தொங்கவிட்டு, அதன் மேல் டார்பிடோக்களைச் சுடச் சொன்னார். வலையில் விழுந்த ஓட்டையைப் பார்த்தால், அமைத்த ஆழத்தைவிடச் சுமார் 11 அடி கீழே ஓடியிருந்தது. அது சரியான பிறகும் வெடிமுனைக் கோளாறு 1943 இலையுதிர் காலம் வரை இழுத்தது. அதுவரை பழைய மார்க் 10 டார்பிடோவைச் சுமக்கும் எஸ் ரக நீர்மூழ்கிகளையும் டச்சு நீர்மூழ்கிகளையும் பாலிக்பாப்பன், பலெம்பாங் என்ற எண்ணெய்த் துறைமுகங்களின் வாசலில் நிறுத்துங்கள். உங்களைப் போலவே தம்பிக்கும் உயிர்நாடி டேங்கர்தான். விமானிகளைப் பொறுத்தவரை, மேற்குக் கரை ஸ்குவாட்ரன்களை 100 சதவீதப் பயிற்சியில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். ஆண்டுக் கடைசியில் பலன் தெரியும்.

எப்போது திருப்பி அடிப்பது? 1942 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கர்கள் குவாடல்கனாலில் இறங்கினார்கள் என்பதற்காக நீங்களும் அந்தத் தேதியைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. அவர்கள் தரப்பே இரண்டாம் நாள் இரவு சாவோ தீவருகே நான்கு கனரகக் குரூசர்களைப் பறிகொடுத்தார்கள். எனக்கு அந்த மாதத்தில் அதிகம் பிடித்தது நியூகினியின் கிழக்கு முனையில் உள்ள மில்ன் பே. அங்கே நேச நாட்டார் முதலில் ஓடுதளம் அமைத்து, ஆஸ்திரேலியாவின் இரண்டு கிட்டிஹாக் சண்டை விமான ஸ்குவாட்ரன்களை வைத்தார்கள். ஆகஸ்ட் 25 இரவு ஜப்பானியர் வந்து இறங்கினார்கள், இரண்டு வாரத்தில் தோற்றுப் பின்வாங்கினார்கள். உங்கள் முதல் அடியும் அப்படி இருக்கட்டும். உங்கள் சண்டை விமானத்தின் நிழலுக்குள் ஒரு தளத்தைக் கட்டி, தம்பிக்கு அது உறுத்தும்படி செய்யுங்கள். அவன் வந்து மோதட்டும்.

அதற்குப் பிறகு நீங்களாக எங்கேனும் இறங்கும்போது, ஆம்ஃபிபியஸ் (கரையிறக்கம்) வகை டாஸ்க் ஃபோர்ஸாக அமைத்து, ஒரு படைப்பிரிவை நிறைய கப்பல்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து ஏற்றுங்கள். ஒவ்வொரு கப்பலும் தனித்தனியாக இறக்கும், அதனால் கரையோரம் நிற்கும் நாள் குறையும். கூடவே குரூசர், டெஸ்ட்ராயர் கொண்ட தனி டாஸ்க் ஃபோர்ஸ் ஒன்று அதே ஹெக்ஸில் நிற்க வேண்டும். சாவோவில் பட்டது அந்தக் காவல் கலைந்து நின்றதால்தான்.

ஆனால் ஒளிந்துகொண்டே இருந்துவிடவும் முடியாது. 1943 ஜனவரி 1 முதல், புள்ளியில் தம்பி உங்களைவிட நான்கு மடங்கு இருந்தால் ஆட்டம் அவனுக்கே முடிந்துவிடும். 1944-ல் மூன்று மடங்கு, 1945-ல் இரண்டு. இலங்கை, ஆஸ்திரேலியாவின் பெரிய நகரங்கள், ஹவாய் மூன்றும் கையில் இருந்து, கேரியர்களும் பிழைத்திருந்தால் அவன் அந்தக் கணக்கை எட்டுவது கடினம். 1943 நடுவில் உங்களுக்குப் புதிய எசெக்ஸ் ரகக் கேரியர்கள் வர ஆரம்பித்த பிறகு, டர்ன் ஃபைல் அனுப்பத் தாமதிப்பது அவனாகத்தான் இருக்கும்.

மூன்று மணி நேர விஷயம்: டேங்கர், சரக்குக் கான்வாய்களைத் தொடர் ஓட்டத்துக்கான சிஎஸ் முறையில் வைத்துவிட்டால் அவை தாமாகவே போய்வரும், வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். பயிற்சி ஸ்குவாட்ரன்களை ஆட்டத்தின் மாதத் தொடக்கத்தில் மட்டும் பாருங்கள். அன்றாடம் பார்க்க வேண்டியவை உளவு அறிக்கை, கேரியர்கள், எதிரி தொட்டுக்கொண்டிருக்கும் தளங்கள், அவ்வளவே. எனக்கு ஒரு டர்ன் இப்போது நாற்பது நிமிஷம். சீனாவைத் திறக்கும் நாளில் மட்டும் ஒன்றரை மணி.