லியரின் கிளிகளை வீட்டில் மாட்டலாமா? கேள்வி பதில்

விக்டோரியா கால ஓவியர் எட்வர்ட் லியர் 1830–32இல் லண்டனில் கிளிகளுக்கென்றே ஒரு படத்தொகுதி கொண்டுவந்தார். 42 படங்கள், 175 பிரதிகள். தொடங்கும்போது அவருக்கு வயது 18. அதற்காக அவர் போட்ட முன்வரைவுகள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பிரிண்ட் போட்டு மாட்டுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கே: அச்சான படமே முழுசாக, அழகாக இருக்கிறதே அண்ணா. அரைகுறை வரைவை எதற்கு மாட்டணும்?

அச்சில் கிளி மட்டும்தான் இருக்கும். வரைவில் லியர் வேலை செய்வதே தெரியும். ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக்காட்சி சாலையில் உயிருள்ள கிளியைப் பார்த்து, இறக்கையை அளந்து வரைந்தவர் அவர். பாடம் செய்த பறவையைப் பார்த்து வரைவதுதான் அன்றைய வழக்கம். தலையும் கண்ணும் முழுசாக முடிந்திருக்கும், வால் வெறும் பென்சில் கோடாக நிற்கும். ஓரத்தில் சிவப்பையும் பச்சையையும் தொட்டுத் தொட்டுச் சோதித்த திட்டுகள், பக்கத்தில் நிறத்தைப் பற்றிக் கிறுக்கிய குறிப்புகள். கூண்டருகே நின்று அவரை வேடிக்கை பார்த்தவர்களையும் ஓரத்தில் கேலியாக வரைந்திருக்கிறார். ஆகவே ஓரத்தை வெட்டாதீர்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

கே: எவ்வளவு பெரிசாகப் போடலாம்?

படத்தின் அகலம் எத்தனை பிக்சல் என்று பார்த்து 300ஆல் வகுங்கள். 3600 என்றால் 12 அங்குலம். தள்ளி நின்று பார்க்கும் ஹால் சுவர் என்றால் 200ஆல் வகுத்தாலும் பாதகமில்லை. அதற்கு மேல் இழுத்தால் பென்சில் கோடு பிசிறடிக்கும்.

கே: தாள் பழுப்பாக இருக்கிறது. ஆப்பில் போட்டு வெள்ளையாக்கிவிட்டேன், ஓகேவா?

வேண்டாம். தாளை வெளுத்தால் இளமஞ்சள் இறகும் சேர்ந்து வெளுக்கும், மெல்லிய பென்சில் கோடு காணாமல் போகும். பழுப்பு அப்படியே இருக்கட்டும். பளபளப்பு இல்லாத பருத்தித் தாளில், பிக்மென்ட் இங்க்கில் போடச் சொல்லுங்கள்.

கே: ஜான் கூல்ட் வரைந்த பறவைப் படங்களும் இதே ரகம்தானே சார்?

கூல்ட் வரைந்தது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அவர் வரைந்ததல்ல. அவர் பாடம் செய்பவர், பதிப்பாளர், கெட்டிக்கார வியாபாரி. தோராயமாகக் கிறுக்கிக் கொடுப்பார். ஆரம்ப நூல்களில் அதைப் படமாக்கி, அச்செடுக்கும் கல்லில் வரைந்து ஏற்றியவர் மனைவி எலிசபெத். ஐரோப்பியப் பறவைகள் நூலின் 448 படங்களில் 68 லியருடையவை, மீதியில் பெரும்பாலானவை எலிசபெத்துடையவை. அட்டையில் கூல்ட் பெயர்.

கே: இது அநியாயம் சார். பணம் போட்டவர் கூல்ட். லியரின் கிளித் தொகுதி நஷ்டத்தில் நின்றபோது மிச்சப் பிரதிகளை வாங்கிக்கொண்டவரும் அவர்தானே?

வாங்கினார், உண்மை. சந்தா கட்டியவர்கள் இழுத்தடித்தார்கள், 14 பகுதி போட நினைத்த லியர் 12உடன் நிறுத்திவிட்டார். பணம் போட்டவருக்குப் பதிப்பாளர் என்ற பெயர் உண்டு. வரைந்தவர் என்ற பெயர் எதற்கு?

கே: அந்தக் காலத்தில் எல்லா நூலும் அப்படித்தான். இன்றைய கண்ணாடி போட்டுப் பார்க்கிறீர்கள்.

அந்தக் காலத்துத் தாளிலேயே கீழே ஜே. அண்ட் ஈ. கூல்ட் என்று இரண்டு பேர் பெயரும் அச்சாகியிருக்கிறது. ஈ என்பது எலிசபெத். இருக்கிற பெயரை இன்றைய கடைக்காரர்கள்தான் லேபிளில் விட்டுவிடுகிறார்கள். 1841இல், எட்டாவது பிரசவத்துக்குப் பின் எலிசபெத் இறந்தார். நீங்கள் ஃப்ரேம் போடும்போது அந்தக் கீழ் வரி, படத்தைச் சுற்றி வைக்கும் மவுன்ட் அட்டைக்குள் மறையாமல் பாருங்கள். இந்தச் சண்டையை இத்துடன் விட்டுவிடலாம்.

கே: 1832இல் விக்டோரியா ராணியே ஆகவில்லை. எப்படி விக்டோரியா கால ஓவியர்?

1837இல் ஆனார். லியர் 1888 வரை இருந்தார். போதுமா?

கே: என்னிடம் இருக்கும் பழைய பிரிண்ட்டில் கிளி, வரைவில் இருப்பதற்கு எதிர்ப்பக்கம் பார்க்கிறது. போலியா?

கல்லில் வரைந்தது தாளில் இடவலம் மாறி விழும். அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். ஒழுங்கான வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் பிற்கால அச்சு. மெழுகுக் கோல் இழுத்த சொரசொரப்பும், அதன்மேல் கையால் பூசிய நிறமும் தெரிந்தால் நிபுணரிடம் காட்டுங்கள். லியர் அச்சு முடிந்ததும் கல்லிலிருந்த வரைவை அழித்துவிட்டார், பிறகு அதே கல்லில் எடுத்த பிரதி என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

கே: ஓரத்துப் பெயிண்ட் கறையை மட்டும் வெட்டிவிடலாமா?

முதல் பதில்.

கே: ஃப்ரேம் சைஸுக்கு வரவில்லை, சைடில் கொஞ்சம் வெட்டினால்?

ஃப்ரேமை மாற்றுங்கள்.

கே: லியர் நம்ம ஊருக்கு வந்திருக்கிறாராமே?

1873–75இல் வைஸ்ராய் நார்த்புரூக் அழைப்பில் இந்தியா வந்தார், சென்னைப் பக்கமும் சுற்றினார். அப்போது போட்டவை நிலக்காட்சிகள். கண் பார்வை மங்கி, பறவை வரைவதை அவர் எப்போதோ விட்டிருந்தார்.

கே: ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் பரவாயில்லையா?

நேர் வெயில் படாத சுவர் பாருங்கள். தாள் கண்ணாடியில் ஒட்டாமல் இடையில் ஆசிட் இல்லாத மவுன்ட் அட்டை கட்டாயம். ஈரம் கசியும் சுவர் என்றால் ஃப்ரேமின் பின்மூலைகளில் சின்ன ரப்பர் குமிழ் ஒட்டி, காற்றுக்கு வழி விடுங்கள்.

கே: கேன்வாஸில் போட்டால் ரிச்சாக இருக்குமே?

பென்சில் கோடு நெசவில் தொலைந்துவிடும். தாளிலேயே போடுங்கள். ஓரத்தோடு.