அப்பாவின் டப்பா சூப்: முதலில் சோடியத்தைப் பாருங்கள்
பெங்களூரு அல்சூரில் தனியாக இருக்கும் அப்பா, பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்டு தினமும் ராத்திரி டப்பா சிக்கன் நூடுல் சூப் குடிக்கிறார், பரவாயில்லையா என்று கேட்டிருந்தீர்கள். தினமும் வேண்டாம். டப்பாவைத் திருப்பி சோடியம், அதாவது உப்பில் இருக்கும் சத்து, எவ்வளவு என்று பாருங்கள். அது ஒரு வேளை அளவுக்கான கணக்கு. பெரும்பாலும் ஒரு டப்பாவில் இரண்டு வேளைக்கு மேல் இருக்கும். நாள் முழுவதற்குமே 2000 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீர் ஊற்றினாலும், முழுவதும் குடித்தால் அதே உப்புதான்.

விட முடியவில்லையா? பாதி டப்பா போதும். ரஸ்ஸல் மார்க்கெட்டில் எலும்போடு கோழி வாங்கி, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு, உப்பில்லாமல் வேகவைத்து, அந்தச் சாறும் கறியும் கேரட், பீன்ஸும் அந்தப் பாதி டப்பா சூப்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இப்படித்தான் செய்கிறேன். இறக்கியதும் எலுமிச்சை பிழிந்தால் உப்புக் குறைவே தெரியாது.