எஃகு உருகியதா, இளகியதா? உலக வர்த்தக மையத் தீ: கேள்வி பதில்

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் விழுந்த கோபுரங்களில் உருகிய எஃகைப் பார்த்ததாகச் சொல்லப்படுவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பவுண்டரியில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், விமான எரிபொருள் தீயில் எஃகு உருகாது என்கிறார்களே. அப்புறம் எப்படி விழுந்தது?

உருகாது என்பது சரிதான். எஃகு உருக ஏறக்குறைய 1500 டிகிரி செல்சியஸ் வேண்டும். அலுவலகத் தீ 1000 டிகிரி வரை போகும். ஆனால் கட்டடம் விழ எஃகு உருக வேண்டியதே இல்லை. கொல்லன் பட்டறையில் நின்று பாருங்கள். உலையில் சிவந்த அரிவாள் பட்டை சம்மட்டி அடிக்கு வளைந்து கொடுக்கும், ஒரு சொட்டுகூட ஒழுகாது. 600 டிகிரியிலேயே எஃகின் பலத்தில் பாதி போய்விடும். விமானம் மோதிய வேகத்தில் எஃகின் மேலிருந்த தீக்காப்புப் பூச்சும் உதிர்ந்திருந்தது. சூடேறிய தளங்கள் தொய்ந்து வெளித் தூண்களை உள்ளே இழுத்தன. விழுவதற்குச் சில நிமிடம் முன் எடுத்த படங்களில் சுவர் உள்வாங்கியிருப்பது தெரிகிறது. தெற்குக் கோபுரம் 56 நிமிடம் தாங்கியது, வடக்கு 102 நிமிடம்.

கேள்வி: தெற்குக் கோபுரத்தின் 80ஆவது மாடி மூலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஊற்றியது எஃகு இல்லையா?

அந்த வீடியோ உண்மையானது. விமானத்தின் அலுமினியம் அந்த மூலையில் குவிந்திருந்தது, அது 660 டிகிரிக்குள் உருகிவிடும். ‘உருகிய அலுமினியம் பகலில் வெள்ளியாகத்தானே தெரியும்’ என்ற மறுப்பும் நியாயமானதே. கரண்டியில் நானே அப்படிப் பார்த்திருக்கிறேன். எரிந்த மேசை, கம்பளம் எல்லாம் கலந்ததால் ஆரஞ்சாக ஒளிர்ந்திருக்கும் என்பது அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனமான நிஸ்ட் சொன்ன விளக்கம். எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அந்த ஒழுக்கிலிருந்து யாரும் மாதிரி எடுக்கவில்லை.

கேள்வி: தெர்மைட் வைத்தார்கள் என்கிறார்களே?

தெர்மைட் என்பது அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்த பொடி, எஃகையே உருக்கும் சூட்டில் எரியும். தண்டவாளம் பற்றவைக்கும்போது பார்த்திருப்பீர்கள். சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இடிபாட்டுக்குள் வாரக்கணக்கில் நீடித்த சூட்டுக்கு அது விளக்கமே ஆகாது.

கேள்வி: அப்படியானால் உருகிய எஃகைப் பார்த்தோம் என்ற மீட்புப் பணியாளர்கள் பொய் சொன்னார்களா?

இல்லை. தயவுசெய்து யாரும் அவர்களைப் பொய்யர் என்று சொல்லாதீர்கள். இடிபாட்டுக்குள் டிசம்பர் வரை தீ கனன்றது. ஐந்தாம் நாள் வானிலிருந்து அளந்தபோது மேற்பரப்பிலேயே 700 டிகிரியை ஒட்டிய இடங்கள் இருந்தன. அவர்கள் ஒளிரும் உலோகத்தைப் பார்த்தார்கள். ஆனால் நிறம் சூட்டைத்தான் காட்டும், எந்த உலோகம் என்று சொல்லாது. ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். ‘உருகி உறைந்த எஃகு’ என்று காட்டப்படும் பெரிய கட்டியைக் கிட்டத்தில் பார்த்தால், எழுத்து படிக்க முடிகிற கருகிய காகிதங்கள் அதில் ஒட்டியிருக்கின்றன. எஃகுக் குழம்பில் காகிதம் எப்படி மிஞ்சும்?

கேள்வி: ஒரு துண்டுகூட உருகவில்லையா?

உருகியது. அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா 2002இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின் பின்னிணைப்பில் அப்படி இரண்டு துண்டுகள் இருக்கின்றன. கந்தகமும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தால் 1000 டிகிரியை ஒட்டியே உருகும் கலவை உண்டாகும். அது எஃகை அரித்து, ஓரத்தைக் கத்தி முனைபோல் மெலிய வைத்திருந்தது. கந்தகம் எங்கிருந்து வந்தது என்பதை இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்க வேண்டும்.

கேள்வி: மிச்ச எஃகு எங்கே போனது?

நிஸ்ட் கையில் 236 துண்டுகள் இருந்தன. பெரும்பகுதி பழைய இரும்பாக விற்கப்பட்டது. 2002இல் ஒரு கப்பல் நிறைய நம் சென்னைத் துறைமுகத்திலும் வந்து இறங்கியது.