டைகர் டாங்க் மாடலுக்குக் கூடுதல் பாகங்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: 1:35 அளவில், இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் டாங்கான டைகர்-1-இன் கிட் ஒன்று வாங்கியிருக்கிறேன். இங்கிலாந்தின் போவிங்டன் டாங்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் 131-ஆம் எண் வண்டியை அப்படியே செய்ய ஆசை. ஃபோட்டோ எட்ச் (அமிலத்தால் அரித்து நுணுக்கமான பாகங்கள் வெட்டிய) பித்தளைத் தகடு, பீரங்கிக்கு உலோகக் குழல், சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையான டிராக் உலோகத்தில், சிம்மரிட் ஷீட் நான்கையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். கிட்டின் விலையையே தாண்டுகிறது. எல்லாமே வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் சிம்மரிட்டை எடுத்துவிடுங்கள். காந்தக் கண்ணிவெடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஜெர்மானியர்கள் டாங்கின் மேல் பூசிய வரிவரியான பூச்சு அது. தொழிற்சாலையில் பூச ஆரம்பித்ததே 1943 ஆகஸ்டில்தான். 131 துனிசியாவில் பிரிட்டிஷாரிடம் சிக்கியதோ அதே ஆண்டு ஏப்ரலில். ஷீட் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. எந்த வண்டி, எந்த மாதம் என்று முடிவு செய்துவிட்டால் பாதிச் செலவு தானாகக் குறைந்துவிடும்.

உலோகக் குழலைக் கட்டாயம் வாங்குங்கள். உங்கள் கிட்டில் குழல் இரண்டு பாதிகளாக வந்திருந்தால், ஒட்டிய பிறகு அந்தக் கோட்டைத் தேய்த்துத் தேய்த்தே உருண்டை வடிவம் கெட்டுவிடும். கடைசலில் செதுக்கிய அலுமினியக் குழலில் அந்தத் தொல்லை இல்லை. மாடலைப் பார்ப்பவர் கண் முதலில் போவதும் அங்கேதான்.

டிராக் விஷயத்தில் நிதானம் வேண்டும். டைகரில் ஒரு பக்கத்துக்கு 96 கண்ணிகள், ஆக 192. உலோக செட்டில் ஒவ்வொரு கண்ணியின் ஓட்டையையும் துளையிட்டுச் சுத்தம் செய்து கம்பி கோக்க வேண்டும். பல மாலை நேரங்கள் போய்விடும். ஆனால் சக்கரங்களின் மேல் அந்த டிராக் தன் எடையிலேயே தொய்ந்து படியும் அழகு ரப்பர் பட்டையில் வராது. பொறுமை இருந்தால் நான் இதற்கே பணம் போடச் சொல்வேன். வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அகலம்: போர் டிராக் 725 மி.மீ., மாடலில் ஏறக்குறைய 21 மி.மீ. ரயிலில் ஏற்றும்போது மாட்டிய 520 மி.மீ. டிராக் என்றால் 15 மி.மீ.க்குள் இருக்கும். இன்னொன்று, கண்ணியின் முகம் வழவழப்பாக இருக்க வேண்டும். பனியில் வழுக்காமல் இருக்கச் சிறு மேடுகள் வைத்த கண்ணி பிற்கால வண்டிகளுக்கானது.

பித்தளைத் தகட்டில் பெரிய செட் வேண்டாம். எஞ்சின் மேல்தளத்து வலைகள் மட்டும் உள்ள சின்ன செட் போதும். அவ்வளவு மெல்லிய வலை பிளாஸ்டிக்கில் வராது. பிளாஸ்டிக் பசை பித்தளையைப் பிடிக்காது, சூப்பர் க்ளூதான். முதல் தடவை நான் தகட்டிலிருந்து ஒரு கொக்கியை வெட்டியபோது அது இடுக்கியிலிருந்து தெறித்துப் போனது, கிடைக்கவே இல்லை. அன்றிலிருந்து தகட்டின் மேல் செலோடேப் ஒட்டிவிட்டுத்தான் வெட்டுகிறேன்.

கேள்வி: டைகருக்கான ரெசின் (அச்சில் ஊற்றி வார்க்கும் பிசின்) பாகங்களின் செட் ஒன்று ஓரிடத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: அது அசல் பாகத்தை அச்செடுத்து வார்த்த நகலாக இருக்கலாம். ரெசின் ஆறும்போது சற்றுச் சுருங்கும் என்பதால், நகல் அசலைவிடச் சிறியதாகி இடைவெளி விழும். காற்றுக்குமிழ் ஓட்டைகளும் இருக்கும். உருவாக்கியவரின் உழைப்பைத் திருடுவது என்பதால் எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பெட்டிப் படம் போதாது, பாகங்களின் படத்தைக் கேளுங்கள். தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். அப்புறம், அசலோ நகலோ, ரெசினைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.