யூடியூப் பார்த்தே குத்துச்சண்டை கற்றுக்கொள்ள முடியாதா? கோச் கட்டாயம் வேண்டுமா?

கேட்டவர் அநேகமாக வீட்டுக் கண்ணாடி முன் நின்று ஜாப் (முன் கையால் நேராக விடும் குத்து) போட்டுப் பார்ப்பவர் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆறு மாதம் வீடியோ பார்த்துவிட்டு, எல்லாம் வந்துவிட்டது என்ற நினைப்போடு வடசென்னையில் ஒரு வாத்தியாரிடம் போனேன். இரண்டு மாதம் என்னைக் குத்தவே விடவில்லை. ஸ்கிப்பிங், காலடி, மறுபடி காலடி. அப்புறம் தினமும் ஒரே வசனம்: "இடது கை இறங்குதுடா." எங்கே இறங்குகிறது என்று மனதுக்குள் திட்டுவேன்.

என் மூன்றாவது போட்டி. இரண்டாவது ரவுண்டில் பொட்டில் ஓர் அடி. விழவில்லை. நன்றாகத்தான் ஆடுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது வாத்தியார் டவலை வீசிவிட்டார், அதாவது என் ஆள் போதும் என்று சண்டையை நிறுத்திவிட்டார். சொந்தக்காரர்கள் முன்னால் மானமே போனது. மூன்று வாரம் அவர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பிறகு சித்தப்பா மகன் செல்போனில் எடுத்திருந்ததைப் பார்த்தேன். முகத்தைக் காக்க வேண்டிய இடது கை இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. ரெஃபரி கூப்பிடக் கூப்பிட நான் வேறெங்கோ பார்க்கிறேன். அவர் கூப்பிட்டது எனக்கு இன்றுவரை நினைவில் இல்லை.

1975-இல் மணிலாவில் முகமது அலியோடு மோதிய ஜோ ஃப்ரேசியரை, 14 ரவுண்டு முடிந்து ஒன்றே ஒன்று பாக்கியிருந்தபோது அவருடைய கோச் எடி ஃபட்ச் நிறுத்தினார். உலகப் பட்டத்துக்கான சண்டை. ஃப்ரேசியருக்கு இடது கண்ணில் முன்பே பார்வை மோசம், வலது கண்ணும் வீங்கிவிட்டது. அப்படியும் போகிறேன் என்றார், ஃபட்ச் விடவில்லை. அது கோழைத்தனம் என்று டீக்கடையில் வாதாடியவன்தான் நான்.

உடனே கோச் என்றால் தெய்வமா என்று சண்டைக்கு வராதீர்கள். பிள்ளைகள்மேல் கை நீட்டுபவர், காசு கறப்பவர், குத்துச்சண்டைச் சங்க அரசியலில் மட்டும் சாம்பியன் ஆனவர், எல்லாரையும் பார்த்தாயிற்று.   

சரி, ஸ்கிப்பிங், ஷேடோ பாக்ஸிங் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது) வரைக்கும் யூடியூப் போதும். எதிரில் ஆளை நிறுத்தி ஸ்பாரிங் செய்வதற்குள் ஒரு வாத்தியாரைப் பிடித்துவிடுங்கள். சேருவதற்கு முன் ஒரு சாயங்காலம் சும்மா ஓரமாக நின்று பாருங்கள். பசங்க அடி வாங்கும்போது அவர் கண் அவர்கள்மேல் இருக்கிறதா, செல்போனில் இருக்கிறதா என்று.