குழந்தைகளைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பில் ஈடுபடுத்த, மரக்கன்று நடுவதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள், சென்னையில் இருக்கிறோம், பள்ளியில் எல்லாம் ஊர்வலம், ஓவியப் போட்டி, மரக்கன்று என்ற அளவில் முடிந்துவிடுகிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். கல்லூரி நாட்களிலிருந்து சென்னைக் கடற்கரையில் இரவில் கடல் ஆமைக் கூடுகளைத் தேடிப் போகும் ஆமை நடைக்குப் போய்வருகிறவன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்து உண்டு.

அந்தப் பிள்ளை செய்யாவிட்டால் நடக்காமல் போய்விடும் என்கிற மாதிரி ஒரு வேலையைக் கொடுங்கள். சிறிய வேலையாக இருக்கட்டும். ஆனால் அது நிஜமான வேலையாக இருக்க வேண்டும். ஊர்வலத்தில் பதாகை பிடிக்க நாற்பது பேர் வந்தாலும் ஒன்றுதான், முப்பத்தொன்பது பேர் வந்தாலும் ஒன்றுதான். அது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

மரக்கன்று விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5. அன்று உலகம் முழுக்க நடுகிறார்கள், நாமும் நடுகிறோம். சென்னையில் அந்த வாரத்து வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவமழை, அது பிடிப்பதோ அக்டோபரில். ஜூனில் நட்ட கன்றுக்கு நாலு மாதம் குடம் குடமாக யார் ஊற்றுவது? அதே கன்றைப் புரட்டாசியில் நட்டால் வானமே பார்த்துக்கொள்ளும். பள்ளிகளிடம் இதைச் சொன்னால், "ஜூன் 5-க்குப் போட்டோ அனுப்பணும் சார்" என்கிறார்கள். சரி, அனுப்பட்டும். உங்கள் பெண்ணிடம் மட்டும் புரட்டாசியில் ஒரு கன்று கொடுங்கள்.

இனி ஆமைக்கு வருகிறேன். சென்னையில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் விடுவது பெரிய இழப்பு.

நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் ஏறத்தாழ ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கரைக்கு முட்டையிட வருகின்றன. 1970-களிலேயே இங்கே சிலர் இரவில் கரையோரம் நடந்து கூடுகளைத் தேடிக் காப்பாற்றத் தொடங்கிவிட்டார்கள். 1988-இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து அதற்கென்றே ஒரு மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பை உருவாக்கினார்கள். இன்றுவரை பருவம் தவறாமல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடக்கிறார்கள். மாணவர்களே தொடங்கி மாணவர்களே நடத்திய ஒன்று இத்தனை வருடம் தாங்கியிருப்பது அரிது.

நடையில் என்ன செய்வார்கள்? நள்ளிரவு வாக்கில் கிளம்பி, ஈர மணலும் காய்ந்த மணலும் சேரும் இடத்தில் ஆமைத் தடம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போவார்கள். துடுப்புக் கால்களால் இழுத்து இழுத்து ஏறிய தடம், சின்ன டிராக்டர் போன மாதிரி இருக்கும். ஏறிய தடமும் இறங்கிய தடமும் எங்கே சேருகின்றனவோ அதற்குப் பக்கத்தில்தான் கூடு. ஆனால் தாய் ஆமை முட்டையிட்டபின் மணலை மூடி, உடம்பால் தட்டிச் சமப்படுத்தி, அக்கம்பக்கம் மணலை வாரி இறைத்துவிட்டுத்தான் போகும். பழகிய கை கம்பியால் மெல்லக் குத்திப் பார்த்து மண் எங்கே பொலபொலவென்று இறங்குகிறது என்று கண்டுபிடிக்கும். அப்புறம் கையால் தோண்டினால் ஒன்றரை அடி ஆழத்தில் வாய் குறுகி அடி அகன்ற ஒரு குழி, அதில் நூறு முட்டை போல இருக்கும். தோல் மாதிரி மெத்தென்ற ஓடு என்பதால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தும் உடையாது.

அவற்றைப் பையில் எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில் அதே வடிவக் குழி தோண்டிப் புதைப்பார்கள். சில மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொண்டபின் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். இதற்கெல்லாம் வனத்துறை அனுமதி உண்டு. இந்த ஆமை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. ஆகவே நாமாகப் போய்க் கூட்டைத் தோண்டுவது குற்றம். பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இருந்த இடத்திலேயே விட்டால் என்ன என்று கேட்கலாம். ஒடிசா மாதிரி ஒதுக்குப்புறமான கரையென்றால் விடலாம். இங்கே தெருநாய்கள் தோண்டித் தின்றுவிடும். தப்பிப் பொரித்தாலும் அடுத்த ஆபத்து வெளிச்சம். குஞ்சு இரவில் வெளியே வந்து, எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். பழைய காலத்தில் அது கடல். இப்போது தெருவிளக்கும் உணவகமும் இருக்கிற பக்கம்.

என் அக்கா மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு பருவம் முழுக்க மாலை நேரங்களில் பொரிப்பகத்துக்கு வந்தாள். ஒவ்வொரு கூட்டுக்கும் ஓர் அட்டை வைத்திருப்பார்கள்: கூட்டு எண், எடுத்த இடம், தேதி, முட்டைகளின் எண்ணிக்கை. சுமார் ஒன்றரை மாதத்தில் பொரிக்கும் என்பதால் எந்தக் கூடு எப்போது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது அவளுக்குப் பெரிய வேலையாகிவிட்டது. பொரித்தபின் ஓடுகளை எண்ணி, பொரிக்காதவற்றைக் கழித்து எழுத வேண்டும். மணலின் வெப்பத்தைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமையும், 29, 30 டிகிரியைத் தாண்டினால் பெண்களே அதிகம் என்று ஒரு தன்னார்வலர் சொல்லிக்கொடுத்தார். பூமி சூடாவதைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் படித்து மறந்திருந்த பெண், அன்று வீட்டுக்கு வந்து, "அப்போ எல்லாமே பொண்ணாப் பொறந்துட்டா என்ன மாமா ஆகும்?" என்றாள். நானும் அவளும் அன்று ராத்திரி தூங்க நேரமாகிவிட்டது.

ஆனால் நல்லதை மட்டும் காட்டி அழைத்துவராதீர்கள். நடையில் உயிருள்ள ஆமையைவிடச் செத்த ஆமையைப் பார்க்கத்தான் வாய்ப்பு அதிகம். தன்னார்வலர்கள் அவற்றையும் எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதும், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே அதை வழக்காக எடுத்ததும் நினைவிருக்கும். அக்கா மகளுக்கும் அப்படி ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. "தண்ணியிலேயே இருக்கிற ஆமை எப்படி மாமா மூச்சு முட்டிச் சாகும்?" என்றாள். ஆமைக்கு நுரையீரல், மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும், விசைப்படகின் இழுவலை கடலடியில் மணிக்கணக்கில் போகும்போது உள்ளே மாட்டினால் மேலே வர முடியாது என்று விளக்கினேன். வலையில் கம்பித் தடுப்பும் அதையொட்டி ஒரு திறப்பும் வைத்தால் ஆமை வெளியே நழுவிவிடும், அப்படி ஒரு கருவி இருக்கிறது என்றதும், "அப்புறம் ஏன் வைக்கலை?" என்றாள்.

பெரியவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் ஒரு வில்லனைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அந்தத் திறப்பு வழியே மீனும் இறாலும்கூடப் போகும், டீசல் விலைக்கு அது கட்டுப்படியாகாது என்று படகுக்காரர்கள் சொல்வதையும் பிள்ளை கேட்கட்டும். கரையை ஒட்டிய பகுதியில் விசைப்படகு இழுக்கக் கூடாது என்று 1983-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்ததையும் சொல்லுங்கள். சிறு படகில் போகும் மீனவருக்கும் ஆமைக்கும் அந்தச் சட்டம் ஒரே மாதிரி பயன்படும் என்பதை அக்கா மகள் தானாகவே கண்டுபிடித்தாள். நான் சொல்லியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பாள்.

கடல் தொலைவு என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. 2018-இல் தூத்துக்குடியில் ஒரு பள்ளி மாணவிகள் தாங்கள் தின்ற பிஸ்கட், வேஃபர் உறைகளை 20,000-க்கும் மேல் சேர்த்துத் தயாரித்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்ப வைத்தார்கள். பண்டம் பிடித்திருக்கிறது, உறையை மாற்றுங்கள் என்று கடிதமும் எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்த செயல் இது. 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு விதிகளே, உறையைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல்தான் வைக்கின்றன. அதைப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கோடு நினைவூட்டினார்கள். உங்கள் வீட்டிலேயே ஒரு மாதத்து உறைகளைக் கழுவிக் காயவைத்து எண்ணச் சொல்லிப் பாருங்கள். யாருக்குக் கடிதம் எழுதுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கிராமங்களில் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாய் மரங்களில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டுவிடும் என்பதுதான் காரணம். அங்கே பெரியவர்களும் வெடிப்பதில்லை, அதனால்தான் அந்தப் பழக்கம் நிலைத்திருக்கிறது. ஏசியை 20-இல் வைத்துவிட்டுப் பிள்ளையிடம் பூமியைக் காப்பாற்றச் சொல்கிற வேலை எடுபடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் கரி இல்லாமல் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். அருமையான பெண். தெருவில் இஸ்திரிக்காரர் கரியைக் கொட்டுவதைப் பார்த்துத்தான் அந்த யோசனை அவருக்கு வந்தது. ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் பரிசுக்காக "புராஜெக்ட்" செய்துதரும் ஆட்களைத் தேடுகிற பெற்றோர் பெருகிவிட்டார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆமைக்கு வருவதென்றால் சில விவரங்கள். ஆறாம் வகுப்புக்கு இரவு நடை கொஞ்சம் கடினம்தான், ஆறேழு கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும், நடை முடிய விடிகாலை மூன்று நான்கு மணி ஆகிவிடும். முதல் வருடம் மாலையில் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்க வையுங்கள், மார்ச், ஏப்ரலில் நடக்கும். அடுத்த வருடம் உங்களோடு ஒரு சனிக்கிழமை இரவு வரட்டும். டார்ச், பிளாஷ், செல்பி எதுவும் கூடாது, அடர்நிற உடை, தண்ணீர் பாட்டில் போதும். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பொதுத்தேர்வும் ஆமைப் பருவமும் ஒரே மாதத்தில் மோதும், எனவே இந்த மூன்று நான்கு வருடம்தான் உங்களுக்கு வாய்ப்பு.