33 நாளுக்கு ஒரு தைப்பூசம்

கேள்வி: 124 ஒளியாண்டு தூரத்தில் கே2-18பி என்ற கிரகத்தில் கடலும் உயிரும் இருக்கலாம் என்று படித்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஓயாத வாக்குவாதம். மகன் குதிக்கிறான். அப்பா, "இதெல்லாம் நம் முன்னோர்கள் எப்போதோ சொன்னதுதான்" என்கிறார். மாமியாரோ, அங்கே கோயில் இருக்குமா என்று கேட்கிறார். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: உங்கள் வீட்டிலேயே விவரமானவர் மாமியார்தான். அவருக்கே முதல் பதில்.

அந்தக் கிரகம் தன் சூரியனை 33 நாளில் சுற்றி முடித்துவிடுகிறது. 33 நாளுக்கு ஒரு வருஷம் என்றால் 33 நாளுக்கு ஒரு தைப்பூசம். பத்து நாள் விரதம், ஒரு நாள் காவடி, அலகு குத்திய கன்னம் ஆறுவதற்குள் அடுத்த கொடியேற்றம். நடுவில் கிடைக்கும் மூன்று வாரத்துக்குள் தீபாவளி, பொங்கல், வருஷப் பிறப்பு, புரட்டாசி விரதம் எல்லாவற்றையும் திணித்தாக வேண்டும். அங்கே இழுப்புவிசையும் இங்கேயுள்ளதைவிடக் கால் பங்கு கூடுதலாக இருக்கும் என்று கணக்கு. காவடிக்காரர்கள் கவனிக்கவும். பூசத்துக்கு முழுநிலா வேண்டுமே என்பீர்கள். நிலா ஒன்று இருப்பதாக இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இன்னொரு சிக்கல்: அந்தக் கிரகம் பெரும்பாலும் ஒரே முகத்தைத்தான் தன் சூரியனுக்குக் காட்டிக்கொண்டிருக்கும். சூரியோதயமே இல்லாத ஊரில் ராகு காலத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது?

கோயில் என்றால் நிர்வாகக் குழு உண்டு. 33 நாளுக்கு ஒரு ஆண்டுப் பொதுக்கூட்டம், தேர்தல், கணக்கு எங்கே என்று ஒரு கூச்சல். தோற்ற அணி பிரிந்து போய் எதிர்த்தெருவில் வேறு கோயில் கட்டும். கவலையில்லை, கிரகம் பூமியைப் போல இரண்டரை மடங்கு அகலம். எனக்கும் ஒரு லாபம் உண்டு. இந்தப் பத்திரிகையின் ஆண்டுச் சந்தாவை 33 நாளுக்கு ஒருமுறை வசூலிக்கலாம். 365 நாளுக்கு ஒருமுறை கேட்டாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், கியூர்பிப் பக்கம்.

சரி, அப்பாவிடம் வருவோம். அவர் சொன்ன அந்த 'எப்போதோ' இருக்கிறதே, அதோடு எனக்கு நெடுநாள் பகை. 2020 செப்டம்பரில் வெள்ளிக் கிரகத்து மேகங்களில், உயிருக்கு அடையாளமாக இருக்கலாம் என்று கருதப்படும் பாஸ்பீன் வாயு இருப்பதாக ஒரு குழு அறிவித்தபோதும் இதே 'எப்போதோ' நம் திண்ணைகளில் வந்து உட்கார்ந்தது. எந்த முன்னோர், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டால் கோபம் வரும். நான் ஒரு முன்னோரைக் காட்டுகிறேன், ஊரும் வருஷமும் சேர்த்து.

லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1760இல் நம் தீவில் வந்து இறங்கினார். அன்று இதன் பெயர் ஈல் த பிரான்ஸ். 1761 ஜூன் 6ஆம் தேதி சூரியனைக் கடக்கப்போகும் வெள்ளியைப் புதுச்சேரியிலிருந்து பார்த்து அளக்க வேண்டும் என்பது அவர் திட்டம். இங்கிருந்து கப்பலேறினார். புதுச்சேரியை இங்கிலீஷ்காரன் பிடித்துவிட்டான் என்று வழியில் செய்தி, கப்பல் திரும்பிவிட்டது. வெள்ளி கடந்த நாளில் மனிதர் நடுக்கடலில் ஆடுகிற தளத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆடுகிற இடத்திலிருந்து எதை அளப்பது? சரி, அடுத்த முறை 1769இல் வருமே என்று எட்டு வருஷம் இந்தப் பக்கமே தங்கிவிட்டார். இம்முறை புதுச்சேரி கிடைத்தது. அந்தக் காலை மேகம் மூடிக்கொண்டது. 1771இல் பாரிஸ் திரும்பினால், ஆள் செத்துவிட்டதாக முடிவு கட்டி அகாதெமியில் அவர் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

இந்த மனிதர் புதுச்சேரியில் இருந்தபோது ஒரு தமிழரைப் பிடித்து, 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதிச் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டச் சொன்னார். அவர் மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே, தரையில் சோழிகளை நகர்த்திக் கணக்குப் போட்டார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைந்தது. அன்று ஐரோப்பாவில் பேரெடுத்திருந்த ஜெர்மன் வானியலாளர் மேயரின் அட்டவணைகள் 68 விநாடி கூடிப்போயின.

அந்த 41 விநாடியைப் பிழை என்று ஒருவரால் காட்ட முடிந்தது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த இடம். 'எப்போதோ சொன்னது' ஒரு விநாடிகூடத் தப்பாது. தப்புவதற்கு அதில் கணக்கே இல்லை.

இப்போது மகன். குதிக்கட்டும், வயசு அப்படி. ஆனால் கொஞ்சம் விவரமும் சொல்லிக் கொடுங்கள். 2019இல் இதே கிரகத்தில் நீராவி கண்டார்கள் என்று ஹபிள் தொலைநோக்கியை வைத்து உலகமே முழங்கியது. 2023இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோது மீத்தேனும் கரியமில வாயுவும் தெரிந்தன. முன்பு நீராவி என்று நினைத்தது மீத்தேனாக இருக்கலாம் என்றார்கள். நீராவிக்கு முதல் பக்கம் கொடுத்த பத்திரிகைகள் மீத்தேனுக்கு எந்தப் பக்கம் கொடுத்தன என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். 2025 ஏப்ரலில் வந்தது டைமெத்தில் சல்பைடு என்ற வாயுவின் தடயம். பூமியில் அதைப் பெரும்பாலும் கடல் நுண்பாசிகள்தான் உண்டாக்குகின்றன. நம் கரையில் அடிக்கிற கடல்வாடையில் அதற்கும் பங்குண்டு. ஆனால் உயிரே இல்லாத வால்மீன் ஒன்றிலும் அது அகப்பட்டிருக்கிறது. அறிவித்த குழுவே, இது தற்செயலாக இருக்க ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு உண்டு, இன்னும் பார்க்க வேண்டும் என்றுதான் எழுதியது. அங்கே கடலே கிடையாது, காலூன்றத் தரையும் கிடையாது, வாயு உருண்டைதான் என்று வாதாடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் நம்மவர்கள் கேட்டார்களா? அந்த வாரம் எனக்கு வந்த தொலைபேசிகள் எல்லாம் வேறு சந்தேகம். குழுவின் தலைவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கு மதுசூதன். "மதுசூதன் தமிழா, தெலுங்கா? விசாரித்துப் போடுங்கள்" என்றார் ஒருவர். தெலுங்கு நண்பர் ஒருவர் விசாரிக்காமலே வாழ்த்துச் சொல்லிவிட்டார். எனக்கு உடனே 1998 ஞாபகம் வந்தது. நம் மொரீஷியஸின் புது ரூபாய் நோட்டில் தமிழுக்கு மேலே இந்தியை ஏற்றி அச்சடித்தார்கள். நாம் கொதித்தோம். நோட்டையே திரும்பப் பெற்றுப் பழைய வரிசைக்கு மாற்றினார்கள். சரிதான், விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தமிழ் வரியை எழுத்துக்கூட்டியாவது படிக்கிற பிள்ளை உங்கள் தெருவில் எத்தனை என்று நான் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டுவிட்டது. வறண்ட தொண்டைக்குத் தண்ணீர் குடிக்கலாம் என்றால் குழாயில் காற்றுதான் வருகிறது. மாடியில் இரண்டு தொட்டி வைத்துக்கொண்டு, தண்ணீர் லாரியின் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள், 124 ஒளியாண்டுக்கு அப்பால் கடல் என்றதும் கைதட்டுகிறோம்.

பையனை ஒரு நாள் ப்ரா தோ பக்கம் கூட்டிப் போங்கள். நம் பல்கலைக்கழகமும் பெங்களூரின் இரண்டு ஆய்வு நிலையங்களும் சேர்ந்து அங்கே வானொலித் தொலைநோக்கி ஒன்று நிறுவின. இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு உலோகச் சுருள்கள் வரிசையாக நின்று தென்வானத்தைக் கேட்டன. பள்ளிக்கூடப் பேருந்துகள் அந்த வழியாகத்தான் கடற்கரைக்குப் போகின்றன, நிற்பதில்லை.

அப்பாவுக்குப் பஞ்சாங்கம் கணிக்கத் தெரியுமா? தெரிந்தால் அடுத்த சந்திர கிரகணம் எத்தனை நேரம் நீடிக்கும் என்று கணக்குப் போட்டு, எனக்கு முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். வாக்கியமோ திருக்கணிதமோ, அவர் இஷ்டம். அவர் பெயரோடு அச்சிடுகிறேன். 41 விநாடி வரை தள்ளுபடி உண்டு.